குப்பை உயர்ந்த கதை

வின்னிபெக்கில் மேடு கிடையாது.
பதினொரு வருஷம் பஸ் ஓட்டியவன் சொல்கிறேன்.
தோசைக்கல் மாதிரித் தட்டை.
பிரேக்கை விட்டால் வண்டி
எந்தப் பக்கம் உருள்வதென்று தெரியாமல்
நின்ற இடத்திலேயே யோசிக்கும்.

ஆகவே நான் ஏறிய முதல் மேடு
ஆஸ்பத்திரி ட்ரெட்மில்.
மழித்த மார்பில் பத்து ஒட்டு,
ஒவ்வொன்றின் அடியிலும் ஜில்லென்ற பசை.
மரிசெல் பொத்தானை அழுத்தினாள்.
ரப்பர் சாலை
என் காலடியில் தலை தூக்கியது.

நூற்று ஐம்பத்திரண்டு.
நூற்று எழுபது.
நூற்று எண்பத்து நான்கு.

"ஏறுதே" என்றேன்.
"ஏறணும்" என்றாள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.
"நடக்கும்போது ஏறினால் அது இதயத்தின் வேலை.
உட்கார்ந்திருக்கும்போது ஏறினால்தான் வியாதி."

உட்கார்ந்திருப்பதுதான் என் உத்தியோகம் என்று
நான் அவளிடம் சொல்லவில்லை.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
மூக்குமயிர் உறைகிற ஊரில்
எனக்கு வந்த நோயின் பெயர் ரத்தக் கொதிப்பு.
தவமலர் சிரித்தாள், நிறுத்த முடியாமல் சிரித்தாள்.
பிறகு சமையலறைக்குப் போய்
உப்பு ஜாடியை எனக்கு எட்டாத தட்டில் வைத்துவிட்டு
வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

ராத்திரி முழுக்க நகராட்சி லாரிகள்
சாலைக்கு உப்புத் தூவிக்கொண்டு போகின்றன.
என் ரசத்துக்குத்தான் இல்லை.

முதலில் ஒரு பொய் சொல்லிவிட்டேன்.
ஊரின் மேற்கே ஒரு மேடு இருக்கிறது.
ஒரு காலத்தில் ஊரே கொட்டிய குப்பை,
மேலே மண், அதன் மேலே புல், இப்போது பனி.
குப்பைமேடு என்றே கூப்பிடுகிறார்கள்,
கூச்சமில்லாமல்.

ஜனவரியில் அதில் ஏற மூன்று தடவை நின்றேன்.
கம்பளித் தொப்பிக்குள் காதடைக்க
இதயம் தட்டியது,
கதவை மூடிய பிறகு ஓடிவந்த பயணி
பின்கதவைத் தட்டுகிற மாதிரி.
எத்தனை பேருக்குத் திறக்காமல் போயிருக்கிறேன்!
இதற்குத் திறந்துதான் ஆக வேண்டும்.

உச்சிக்குப் போனதும்
தொடையில் ஒரு சூடு.
குறுகிக் கிடந்த குழாய்கள் ஒவ்வொன்றாய்
வாய் திறக்கும் சூடு என்று பிறகு மரிசெல் சொன்னாள்.
அன்றைக்கு எனக்கு அது
நீளக் கால்சட்டைக்குள் யாரோ
வெந்நீர் ஊற்றியது போலிருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துப்
பட்டையைக் கையில் சுற்றினால்
நூற்று முப்பத்தாறு.
போகும் முன்பு இருந்ததைவிடக் குறைவு.
ஏற்றியதால் இறங்கியிருக்கிறது!
இந்த விசித்திரத்தைத் தவமலரிடம் மூன்று விதமாகச் சொன்னேன்.
மூன்று தடவையும் "சரி" என்றாள்.

ஆனால் இது சொந்த வீடு இல்லை, வாடகை.
மறுநாள் ராத்திரிக்குள் திரும்ப ஏறிவிடும்.
அதனால் மறுநாளும் போனேன்.
அதற்கு மறுநாள் போகவில்லை, காலுறை ஈரம்.
அதற்கடுத்த நாள் போனேன்.

மே மாதம்.
சும்மா இருக்கையில் எண்பத்து நான்காய் இருந்த நாடி
இப்போது அறுபத்தொன்பது.
சிவப்பு விளக்கில் நிற்கும்போது கணக்குப் போட்டேன்:
நிமிஷத்துக்குப் பதினைந்து துடிப்பு மிச்சம்,
நாளைக்கு இருபத்தோராயிரத்து அறுநூறு.
மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சு இத்தனை என்று
பழைய கணக்கு ஒன்று சொல்லுமே,
அதே எண்.
பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்திருந்தது.

குப்பை உயர்ந்து கோபுரம் தாழ்ந்தது என்று
ஏசுவதற்குத்தான் சொல்வார்கள் எங்கள் பக்கம்.
குப்பையில் ஏறினேன், மேல் எண் தாழ்ந்தது.
கீழ் எண் மட்டும் தொண்ணூறில் உட்கார்ந்து
அடம்பிடிக்கிறது, என்னைப் போலவே.

இப்போது நிற்காமல் உச்சிக்குப் போகிறேன்.
இறங்கும்போது இடது முழங்கால் வலிக்கிறது.
அதைக் கேட்டால் மரிசெல்
அடுத்த அறையைக் காட்டுகிறாள்.